கஸ்தோன் பிளான்டே

கஸ்தோன் பிளான்டே (ஏப்ரல் 22, 1834 – மே 21, 1889) பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஓர் இயற்பியலாளர் ஆவார். மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க முதல் மின்கலமான ஈய-அமில மின்கலத்தை 1859 ஆம் ஆண்டில் உருவாக்கியவர் என்று இவர் பரவலாக அறியப்படுகிறார். தானுந்துகளிலும் வீட்டு இன்வெர்ட்டர்களிலும் தொலைபேசி நிலையங்களிலும் உள்ள ஈய-அமில மின்கலங்கள் யாவும் இவருடைய கலத்தின் வழிவந்தவை. ஒரு கலத்தைச் செய்ததோடு நில்லாமல், நூற்றுக்கணக்கான கலங்களை ஒன்றோடொன்று இணைத்து உயர்ந்த மின்னழுத்தம் பெறும் முறையையும் இவர் வகுத்தார். பிளான்டேயின் பணிகளில் அதிகம் பேசப்படாத பகுதி இதுவே.

பிறப்பும் இளமையும்

பிளான்டே பிரான்சின் தென்மேற்கே, பிரனீசு மலைகளுக்கு அண்மையில் உள்ள ஓர்த்தேசு என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தம்பி பிரான்சிசு பிளான்டே (1839–1934) புகழ்பெற்ற பியானோ கலைஞர். ஏறத்தாழ 90 வயதில், 1928 ஆம் ஆண்டில், அவர் வாசித்த இசை ஒலிப்பதிவு செய்யப்பட்டுள்ளது.

கஸ்தோன் பிளான்டே 1854 இல் பாரிசில் உள்ள கலை மற்றும் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் விரிவுரை உதவியாளராகச் சேர்ந்தார். அங்கு எட்மண்டு பெக்கெரலின் கீழ்ப் பணியாற்றினார். (கதிரியக்கத்தைக் கண்டறிந்த என்றி பெக்கெரல் இந்த எட்மண்டின் மகன் ஆவார்.) 1860 இல் பொதுமக்களுக்கு அறிவியல் கற்பிக்கும் நோக்குடன் இயங்கிய பாலிடெக்னிக் சங்கத்தில் இயற்பியல் பேராசிரியரானார்.

தொல்பறவை

மின்கலத்துக்கு முன்பே பிளான்டேயின் பெயர் வேறொரு துறையில் இடம்பெற்றுவிட்டது. 1855 ஆம் ஆண்டில், பாரிசுக்கு அருகில் உள்ள மியுதோன் என்னும் இடத்தின் களிமண் படிவுகளில், அழிந்துபோன மிகப் பெரிய பறவை ஒன்றின் தொல்லெச்சங்களை இவர் கண்டெடுத்தார். அப்போது இவருக்கு வயது 21. பறக்க இயலாத அப்பறவைக்கு இவருடைய முதற்பெயரைக் கொண்டு காசுடோர்னிசு பாரிசியென்சிசு என்று பெயரிடப்பட்டது. கஸ்தோனின் பறவை என்பது அதன் பொருள். நீண்ட காலம் இது கொன்றுண்ணும் பறவை எனக் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகள் இது தாவர உண்ணியாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி எனக் காட்டுகின்றன.

ஈய-அமில மின்கலம்

மின்னோட்டம் செலுத்தப்பட்ட இரு உலோகத் தகடுகள், அந்த மின்னோட்டம் நின்றபின் எதிர்த்திசையில் சிறிது நேரம் தாமே மின்னோட்டம் தருகின்றன என்பது பிளான்டேக்கு முன்பே தெரிந்திருந்தது. செருமானிய அறிவியலாளர் ரிட்டர் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதனை ஆராய்ந்தார். சின்சுடெடன் என்னும் செருமானிய மருத்துவர் 1854 இல் ஈயத் தகடுகளை நீர்த்த கந்தகக் காடியில் வைத்துச் சோதித்திருந்தார். ஆனால் இவ்விளைவு பெரும்பாலும் ஒரு தொல்லையாகவே பார்க்கப்பட்டது. மின்முனைவாக்கம் எனப்பட்ட இது அக்காலத்து மின்கலங்களின் ஆற்றலைக் குறைத்தது. எனவே அதனை எவ்வாறு ஒழிப்பது என்பதே பலரது கவலையாக இருந்தது.

பிளான்டே எதிர்த்திசையில் சிந்தித்தார். செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஈயம், பொன், பிளாட்டினம் முதலிய உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எதில் இந்த எதிர் மின்னோட்டம் மிக வலுவாகவும் மிக நீண்ட நேரமும் நிற்கிறது என்று ஒப்பிட்டார். நீர்த்த கந்தகக் காடியில் அமிழ்த்திய ஈயமே ஏனையவற்றை விஞ்சியது. விலை மலிந்த உலோகமான ஈயம், பொன்னையும் பிளாட்டினத்தையும் முந்தியதால்தான் இக்கண்டுபிடிப்பு ஆய்வகத்தை விட்டு வெளியே வர முடிந்தது.

1859 இல் அவர் உருவாக்கிய கலத்தின் அமைப்பு எளிமையானது. இரண்டு நீண்ட ஈயத் தகடுகளை, இடையில் துணி வைத்து, பாய் சுருட்டுவது போலச் சேர்த்துச் சுருட்டினார். பின்னர் துணிக்குப் பதிலாக இரப்பர் பட்டைகளைப் பயன்படுத்தினார். இச்சுருளைப் பத்தில் ஒரு பங்கு கந்தகக் காடி கலந்த நீர் உள்ள கண்ணாடிச் சாடியில் அமிழ்த்தினார். சுருட்டியதனால் சிறிய சாடிக்குள் பெரிய தகட்டுப் பரப்பு அடங்கியது. பரப்பு கூடினால் கலத்தின் உள்மின்தடை குறையும். உள்மின்தடை குறைந்தால் மிகப் பெரிய மின்னோட்டம் பெறலாம். இன்று தானுந்தின் இயந்திரத்தைத் தொடக்கும் வேளையில் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கிடைப்பதற்கும் இதே பண்பே காரணம்.

மின்னேற்றும்போது நேர்மின்வாயின் மேற்பரப்பு ஈய ஈராக்சைடாகவும் எதிர்மின்வாய் நுண்துளை கொண்ட ஈயமாகவும் மாறுகின்றன. மின்னிறக்கும்போது இரண்டும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட்டு தரும். இந்த வேதி விளக்கத்தை முழுமையாக அளித்தவர் பிளான்டே அல்லர். கிளாட்சுடோன், டிரைபு ஆகிய ஆங்கிலேயர் இருவர் 1882 இல் அதனை வெளியிட்டனர்.

புதிதாகச் செய்த கலம் மிகச் சிறிதளவு மின்சாரத்தையே சேமித்தது. ஈயத்தின் மேற்பரப்பில் மெல்லிய படலம் மட்டுமே வினையில் ஈடுபட்டது இதற்குக் காரணம். கலத்தை மின்னேற்றி, இறக்கி, பின் மின்னோட்டத்தின் திசையை மாற்றி மீண்டும் ஏற்றி, இடையிடையே ஓய்வு கொடுத்து வந்தால் படலம் ஆழமாகி, கொள்திறன் கூடுவதைப் பிளான்டே கண்டார். பதப்படுத்தல் எனத்தக்க இப்பணி வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நீடித்தது. தகடுகளை முதலில் நீர்த்த நைட்ரிக் காடியில் ஊறவைத்து இக்காலத்தைச் சுருக்கும் வழியையும் அவரே பின்னாளில் கண்டார்.

மின்கலங்களை இணைத்தல்

மார்ச்சு 26, 1860 அன்று பிளான்டே பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் ஒன்பது கலங்கள் கொண்ட மின்கலவடுக்கு ஒன்றை வைத்தார். ஒரே பெட்டிக்குள் இருந்த அக்கலங்கள் பக்க இணைப்பில் இணைக்கப்பட்டிருந்தன. அதாவது நேர்முனைகள் எல்லாம் ஒன்றாகவும் எதிர்முனைகள் எல்லாம் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டிருந்தன. மின்னழுத்தம் ஒரு கலத்தின் அளவாகவே இருக்க, தரக்கூடிய மின்னோட்டம் ஒன்பது மடங்காயிற்று.

ஆனால் அவருக்கு உயர் மின்னழுத்தமும் தேவைப்பட்டது. அதற்குக் கலங்களைத் தொடராக, ஒன்றின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையுடன் இணைக்க வேண்டும். இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. நடைமுறைக்கேற்ற மின்னாக்கி அக்காலத்தில் இல்லை. மின்னேற்றுவதற்கு அவரிடம் இருந்தவை நைட்ரிக் காடியும் துத்தநாகமும் கொண்ட புன்சன் கலங்களே. ஒரு புன்சன் கலம் 2 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவே தரும். 20 ஈயக் கலங்களைத் தொடரில் வைத்து மின்னேற்ற வேண்டுமானால் ஏறத்தாழ 50 வோல்ட்டு வேண்டும். அதற்கு 25க்கும் மேற்பட்ட புன்சன் கலங்கள் தேவைப்படும்.

பிளான்டே கண்ட தீர்வு, மின்னேற்றும்போது பக்க இணைப்பு, மின்னிறக்கும்போது தொடர் இணைப்பு என்பதாகும். 20 கலங்கள் கொண்ட பெட்டியின் மேல் மின்கடத்தாப் பொருளால் ஆன உருளை ஒன்றைப் பொருத்தினார். உருளையின் நீளவாக்கில் இரண்டு உலோகப் பட்டைகள் இருந்தன. குறுக்குவாக்கில் பல உலோகத் தண்டுகள் இருந்தன. கலங்களின் முனைகளிலிருந்து வந்த வில்கள் உருளையை அழுத்திக்கொண்டிருந்தன. உருளை ஒரு நிலையில் இருந்தால் வில்கள் நீளப் பட்டைகளைத் தொட்டு, எல்லாக் கலங்களும் பக்க இணைப்பில் அமையும். கால் சுற்றுத் திருப்பினால் வில்கள் குறுக்குத் தண்டுகளைத் தொட்டு, அதே கலங்கள் தொடர் இணைப்புக்கு மாறும். ஆக, இரண்டே புன்சன் கலங்களைக் கொண்டு மெதுவாக மின்னேற்றி, ஒரு திருப்பில் 40 வோல்ட்டுக்கு மேல் பெற முடிந்தது. சேமித்த ஆற்றலின் அளவு இதனால் மாறுவதில்லை. நீண்ட நேரம் சிறுகச் சிறுகச் சேர்த்ததைக் குறுகிய நேரத்தில் உயர் அழுத்தத்தில் செலவிடுகிறோம், அவ்வளவே.

இம்முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. தொடரில் மின்னேற்றும்போது எல்லாக் கலங்களிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால், ஏற்கெனவே நிரம்பிய கலம் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டு வளிமங்களை வெளியிடும். நலிந்த கலமோ நிரம்பாமலே நிற்கும். பக்க இணைப்பில் ஒவ்வொரு கலமும் தனக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கையால் செய்து, வெவ்வேறு அளவில் பதமான பிளான்டேயின் கலங்களுக்கு இது மிகவும் பொருந்தியது. எனினும் உள்ளே தகடுகள் தொட்டுக்கொண்ட கலம் ஒன்று பக்க இணைப்பில் இருந்தால், ஏனைய கலங்களின் மின்சாரம் முழுவதும் அதற்குள் பாயும். அத்தகைய கலத்தைக் கண்டறிந்து நீக்கியாக வேண்டும்.

இத்தகைய பெட்டிகளை மேன்மேலும் சேர்த்து, இறுதியில் 800 கலங்களைத் தொடரில் இணைக்கும் நிலையை பிளான்டே எட்டினார். இதன் மின்னழுத்தம் 1600 வோல்ட்டுக்கும் மேல். அக்காலத்து ஆய்வகங்களில் நிலைமின் எந்திரங்கள் இதைவிடப் பன்மடங்கு உயர்ந்த மின்னழுத்தம் தந்தன. ஆனால் அவற்றின் மின்னோட்டம் மிகச் சிறியது. பிளான்டேயின் அடுக்கில் உயர் அழுத்தமும் பெரிய மின்னோட்டமும் ஒருசேர இருந்தன. மனித உடலுக்கு உயிரிழப்பை விளைவிக்கத்தக்க சேர்க்கை இதுவே.

இன்றைய நடைமுறை

பிளான்டே எதிர்கொண்ட அதே இயற்பியலே இன்று பல ஈய-அமில மின்கலங்களை இணைப்பவர்களும் எதிர்கொள்வது. 12 வோல்ட்டு, 150 ஆம்பியர்-மணி கொண்ட நான்கு மின்கலவடுக்குகளை எடுத்துக்கொண்டால், தொடரில் 48 வோல்ட்டு, 150 ஆம்பியர்-மணி கிடைக்கும். பக்க இணைப்பில் 12 வோல்ட்டு, 600 ஆம்பியர்-மணி கிடைக்கும். இரண்டிரண்டாகத் தொடரில் வைத்து அவ்விரு வரிசைகளைப் பக்கமாகச் சேர்த்தால் 24 வோல்ட்டு, 300 ஆம்பியர்-மணி கிடைக்கும். மூன்றிலும் மொத்த ஆற்றல் 7200 வாட்டு-மணி தான்.

எவ்வகை இணைப்பானாலும் ஒரே வகை, ஒரே கொள்திறன், ஒரே வயது உடையவற்றையே சேர்க்க வேண்டும். தொடர் இணைப்பில் நலிந்த கலம் முதலில் தீர்ந்துவிடும். மற்றவை தொடர்ந்து மின்னோட்டத்தைச் செலுத்துவதால் அது எதிர்த்திசையில் மின்னேற்றம் பெற்று, முனைகள் மாறிக் கெட்டுப்போகும். ஒரு புதிய மின்கலவடுக்கை மூன்று பழையவற்றோடு சேர்த்துச் செலவை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் புதியதையும் விரைவில் இழப்பது இதனால்தான். 24 வோல்ட்டு அடுக்கின் நடுவிலிருந்து 12 வோல்ட்டு கருவிக்குக் கம்பி எடுப்பதும் இதே கேட்டை விளைவிக்கும்.

பக்க இணைப்பில் கவனிக்க வேண்டியது வேறு. இணைக்கும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுதாக மின்னேற்றி, மின்னழுத்தம் சமமாக உள்ளதா என அளந்து பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால் இணைத்த நொடியில் நிரம்பியதிலிருந்து தீர்ந்ததற்குப் பெரும் மின்னோட்டம் பாயும். சுமைக்கான நேர்க்கம்பியை வரிசையின் ஒரு முனையிலிருந்தும் எதிர்க்கம்பியை மறுமுனையிலிருந்தும் எடுத்தால் பங்கீடு ஏறக்குறைய சமமாக இருக்கும். இரண்டையும் ஒரே மின்கலவடுக்கிலிருந்து எடுத்தால் அதுவே மிகுதியாக உழைத்து முதலில் தேயும். ஒவ்வொரு பக்க வரிசைக்கும் தனித்தனி உருகியும் தேவை. ஒன்றின் உள்ளே குறுக்குச்சுற்று நேர்ந்தால் மற்றவற்றின் மின்னோட்டத்தைத் துண்டிப்பது அவ்வுருகியே.

உள்மின்தடை 0.005 ஓம் உள்ள 12 வோல்ட்டு மின்கலவடுக்கின் இரு முனைகளையும் ஒரு திருகுசாவி தவறுதலாக இணைத்துவிட்டால், கணக்கின்படி 2400 ஆம்பியர் பாயலாம். சாவி பழுக்கக் காய்ந்து முனையோடு உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே கைப்பிடி முழுதும் மின்காப்பிட்ட கருவிகளையே பயன்படுத்த வேண்டும். மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். மின்னேற்றத்தின் இறுதியில் ஐதரசனும் ஆக்சிசனும் வெளியேறுகின்றன. காற்றில் ஐதரசன் 4 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரு பொறி போதும், வெடிக்கும். எனவே காற்றோட்டமான இடம் வேண்டும். மின்னேற்றியை அணைத்து, முதன்மைச் சொடுக்கியைத் திறந்து வைத்தபின்னரே கம்பிகளை இணைக்கவோ பிரிக்கவோ வேண்டும். தெறிக்கும் காடியிலிருந்து கண்ணைக் காக்கக் காப்புக்கண்ணாடி தேவை. காடியை நீர்க்கச் செய்யும்போது நீரில்தான் காடியை ஊற்ற வேண்டும், காடியில் நீரை ஊற்றக் கூடாது.

ரியோசுடாட்டிக் எந்திரம்

பக்கமாக ஏற்றித் தொடராக இறக்கும் கருத்தை பிளான்டே 1870களில் மின்தேக்கிகளுக்கும் விரித்தார். மைக்கா தகடுகளால் ஆன பல மின்தேக்கிகளைத் தமது 800 கல அடுக்கைக் கொண்டு பக்க இணைப்பில் ஏற்றி, சுழலும் உருளை ஒன்றின் மூலம் அவற்றைத் தொடர் இணைப்புக்கு மாற்றினார். மின்னழுத்தம் மின்தேக்கிகளின் எண்ணிக்கையால் பெருகியது. உருளையை விரைவாகச் சுழற்றியபோது பல சென்ட்டிமீட்டர் நீளமுள்ள மின்பொறிகள் அடுத்தடுத்துப் பாய்ந்தன. இதற்கு ரியோசுடாட்டிக் எந்திரம் என்று அவர் பெயரிட்டார். எர்வின் மார்க்சு 1924 இல் விவரித்த உயர் அழுத்த மின்துடிப்பு ஆக்கிக்கு இது முன்னோடியாகும்.

உயர் அழுத்த மின்னோட்டத்தை உப்புநீரின் மேற்பரப்பில் செலுத்தியபோது, ஒளிரும் சிறு உருண்டைகள் தோன்றி அலைவதை பிளான்டே கண்டார். இதிலிருந்து பந்து மின்னல், துருவ ஒளி, நீர்த்தாரை, கதிரவனின் கரும்புள்ளிகள் எனப் பலவற்றுக்கும் மின்விளக்கம் தர முற்பட்டார். இவ்விளக்கங்களில் பெரும்பாலானவை நிலைபெறவில்லை. ஆய்வகக் காட்சிக்கும் இயற்கை நிகழ்வுக்கும் உள்ள தோற்ற ஒற்றுமையை அவர் அளவுக்கு மேல் நம்பினார் என்றே கூற வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட்டுக் கரைசலால் மூடிய கண்ணாடியில் மின்சாரத்தால் எழுத்துப் பொறிக்கும் முறை இதே ஆய்வுகளின் கிளைப்பயன் ஆகும்.

பயன்பாடுகளும் காத்திருப்பும்

கண்டுபிடித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரை ஈயக் கலத்துக்குப் பெரிய பயன் வாய்க்கவில்லை. மின்னேற்றுவதற்கே வேறு மின்கலங்களைக் கரைக்க வேண்டியிருந்தால், சேமிப்பதில் என்ன இலாபம் என்ற கேள்விக்கு விடையில்லை. பிளான்டே சில சிறிய பயன்பாடுகளைக் காட்டினார். ஒரு கலத்தின் மின்சாரத்தால் மெல்லிய பிளாட்டினக் கம்பியைப் பழுக்கவைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் கருவிக்குச் சனியின் தீமூட்டி என்று பெயர். பழைய இரசவாதிகள் ஈயத்தைச் சனிக் கோளுக்கு உரியதாகக் கருதியதால் அமைந்த பெயர் இது. அறுவை மருத்துவத்தில் சுடுகம்பியைச் சூடாக்கவும், உடலின் உட்பகுதிகளை ஒளியூட்டிப் பார்க்கத் துரூவே செய்த கருவியிலும் பிளான்டே கலம் பயன்பட்டது.

நிலையை மாற்றியது டைனமோ ஆகும். 1870களில் கிராம் என்பவரின் எந்திரம் பரவியதும் மின்னேற்றுவது மலிவாயிற்று. 1879 இல் பிளான்டே தமது ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்து மின்சாரம் பற்றிய ஆராய்ச்சிகள் என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். 1881 இல் கமீய் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரரின் முறை வெளிவந்தது. அவர் ஈய ஆக்சைடுப் பசையைத் தகட்டில் பூசினார். மாதக்கணக்கான பதப்படுத்தல் இதனால் மிகக் குறுகியது. அதே ஆண்டில் துரூவே பாரிசுத் தெருவில் ஓட்டிய மின்சார முச்சக்கர வண்டி பிளான்டே வகைக் கலங்களால் இயங்கியது. வணிக வெற்றியின் பெரும்பகுதி பசைத் தகட்டுக்கே சென்றது.

எனினும் பிளான்டே தகடு மறைந்துவிடவில்லை. பசை உதிரும் குறை அதில் இல்லாததால், முறையாகப் பேணினால் இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைக்கும். மின்நிலையங்களிலும் துணைமின் நிலையங்களிலும் தொலைபேசி நிலையங்களிலும் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இவ்வகைக் கலங்கள் நீண்ட வரிசைகளாகத் தொடரில் இணைக்கப்பட்டு நின்றன. பிளான்டே நேர்த்தகடு கொண்ட நிலைக் கலங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எசு. 1652 என்னும் தனித் தரத்தை வகுத்துள்ளது.

இறப்பும் நினைவும்

1888 இல் வளிமண்டலத்தின் மின் நிகழ்வுகள் பற்றிய நூலை பிளான்டே வெளியிட்டார். மறு ஆண்டு, மே 21, 1889 அன்று, தமது 55 ஆம் வயதில் பெல்வியு என்னும் இடத்தில் காலமானார். இளமையில் அவர் தொல்பறவையைக் கண்டெடுத்த மியுதோனின் ஒரு பகுதியே பெல்வியு ஆகும்.

மின்னியல் துறைக் கண்டுபிடிப்புகளுக்காக அவர் பெயரில் பிரெஞ்சு அறிவியல் கழகம் வழங்கிய பரிசை 1895 இல் பியர் கியூரி பெற்றார். பிளான்டே இறந்து நூறு ஆண்டுகள் நிறைந்த 1989 ஆம் ஆண்டில் பல்கேரிய அறிவியல் கழகம் கஸ்தோன் பிளான்டே பதக்கத்தை நிறுவியது. ஈய-அமில மின்கல ஆய்வில் சிறந்த பங்களிப்புச் செய்தவர்களுக்கு இப்பதக்கம் அளிக்கப்படுகிறது.